மேதைக்குப் பேய் ஓட்டிய கதை

மேதையாவது சுலபம், அதை வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பதுதான் கஷ்டம். நான் மேதையாக இருந்தது மொத்தம் ஒரு வாரம். (அந்த வாரத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.)

ஐம்பதுகளின் தொடக்கம். நார்த்தாமலைப் பக்கம் எங்கள் ஊர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வேலையில்லாமல் இருந்தபோது, அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று நூலகத்தில் அகப்பட்டது. பெரிய எழுத்தாளர்கள், ஓவியர்கள், கலகக்காரர்கள் மனசு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கியிருந்தார்கள். எல்லாருக்கும் உள்ளே ஆறாத காயம் ஒன்று இருக்குமாம், அதிலிருந்துதான் கலை பிறக்குமாம். பேச மாட்டார்களாம், வேளைக்குச் சாப்பிட மாட்டார்களாம், குளிக்கவும் மாட்டார்களாம். காயம் என்னிடம் இல்லை. மற்ற மூன்றையும் உடனே ஆரம்பித்துவிட்டேன்.

மலைப்பாறையில் கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து எங்கேயோ வெறித்துப் பார்ப்பேன். யார் கூப்பிட்டாலும் பதில் கிடையாது. வார முடிவில் மாமா வந்து என் முகத்தைப் பார்த்தார்.

“மலையில என்னமோ புடிச்சிருக்கு. கோடாங்கியக் கூப்பிடுங்க” என்றார்.

கோடாங்கி உடுக்கையோடும் வேப்பிலையோடும் வந்தார். முற்றத்தில் இரண்டு பேர் என் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

“யாரு நீ? சொல்லு!”

“நான் எழுத்தாளன்” என்றேன் கம்பீரமாக.

கோடாங்கி மாமாவிடம் திரும்பினார். “இது நம்ம பக்கத்துப் பேய் இல்லீங்க, வெளியூரு” என்று சொல்லிச் சாட்டையை எடுத்தார்.

வெளியூர்ப் பேய்க்கு அடி அதிகம். (புத்தகத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை.) முதுகு பிளந்துவிட்டது போலிருந்தது. “இதுக்கும் மசியலன்னா சங்கிலி போட்டுக் கோயில்ல விட்டுற வேண்டியதுதான்” என்றார் மாமா.

அப்போது என்னைப் பெற்ற ஆத்தா எல்லாரையும் விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

“பெரியவனா? மலாயாவுல இருந்து வந்தியாய்யா?”

பெரியவன் என் அண்ணன். எனக்கு விவரம் தெரியுமுன்பே ரப்பர்த் தோட்டத்துக்குப் போனவன். காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று முந்தின வருடம் செய்தி மட்டும் வந்தது, உடல் வரவில்லை. அந்த வீட்டில் இருந்துகொண்டுதான் எனக்கொரு காயம் இல்லையே என்று ஏங்கியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் சாட்டை இன்னும் கோடாங்கியின் கையில்தான் இருந்தது.

“ஆமா ஆத்தா” என்றேன்.

“கடைசியில ரொம்ப வலிச்சுச்சாப்பா?”

“இல்ல ஆத்தா. தூக்கத்துலயே போயிட்டேன்.”

செய்தி வந்த நாளிலிருந்து அழாதவள், என் முகத்தைத் தடவிக்கொண்டே கதறி அழுதாள். நானும் அழுதேன். அது மட்டும் நடிப்பில்லை.

கோடாங்கிக்கு நேரமாகிவிட்டது. “என்ன வேணுமோ கேட்டு வாங்கிக்கிட்டு மலையேறு!” என்று அதட்டினார்.

ஒரு வாரப் பட்டினி முந்திக்கொண்டது. “கருவாட்டுக் குழம்பு” என்றேன்.

ஆத்தாவின் கை என் கன்னத்தில் சற்று நின்றது. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

இன்றும் வீட்டில் கருவாட்டு வாசம் வந்தால் என் மனைவி, “வெளியூர்ப் பேய்க்கு எலை போடவா?” என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். ஆத்தா இருந்தவரை அவள் மட்டும் சிரித்ததில்லை. அவள் காரியம் முடிந்த அன்றுதான் அக்கா சொன்னாள்:

“பெரியவனுக்குக் கருவாட்டு வாசமே ஆகாதுடா, வீட்ட விட்டே போயிருவான். ‘வந்தது சின்னவன்தான்டி. இருந்தாலும் வலிக்கலன்னு ஒரு வாயி சொல்லிருச்சுல்ல, அது போதும்’னு ஆத்தா அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிருச்சு.”