மூன்று நிமிட முத்திரை

படிக்காதவர்களில் இரண்டு இனம் உண்டு. எழுத்துத் தெரியாததால் படிக்காதவர்கள் ஓர் இனம். அவர்கள் பாவம், நாலு பேரைக் கேட்டாவது விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். எழுத்தும் தெரிந்து, கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கையில் கொடுத்ததைப் படிக்காமலே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டு, பிறகு "எங்கள யாரு கேட்டாங்க?" என்று ஊரைக் கூட்டுகிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாவது இனத்தை நீங்கள் அருகில் நின்று பார்க்க வேண்டும்.

கிரிசாவா என்னும் வெந்நீர் ஊற்று ஊரில் அதற்கு அருமையான மாதிரி ஒருவர் இருக்கிறார். பெயர் மொரிதா. தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். ஊர் அலுவலகம் எதைத் தெரிவிப்பதானாலும் ஒரு அட்டையில் செருகித் தெருவின் முதல் வீட்டில் கொடுத்துவிடும். படித்ததற்கு அடையாளமாக, கையெழுத்துக்குப் பதில் குடும்பப் பெயர் பொறித்த முத்திரையைக் குத்தி அடுத்த வீட்டுக்குத் தள்ள வேண்டும். அட்டையை ராத்திரி வைத்துக்கொண்ட வீட்டைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். முதல் வீடு மொரிதாவுடையது. அங்கே அட்டை மூன்று நிமிடத்துக்கு மேல் தங்கியதில்லை, அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. குப்பை போடும் நாள் மாறியிருக்கிறதா? குத்து. மலையிலிருந்து கரடி இறங்கியிருக்கிறதா? அதற்கும் ஒரு குத்து. பிறகு தப்பான நாளில் குப்பைப் பையோடு தெருமுனையில் நின்று, "நாள மாத்துனா சொல்ல மாட்டாங்களா?" என்று கரடிக்கும் கேட்கும்படி கத்துவார்.

இதற்கிடையில் ஊற்றின் ஆவியில் அவித்த முட்டையை யாரோ படம் பிடித்துப் போட, நாலாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஒரு நாளைக்கு ஆறாயிரம் பேர் முட்டை தின்ன வரத் தொடங்கினார்கள். மொரிதாவின் மனைவி சுமியே முழங்கால் வைத்தியத்துக்கு வாரம் இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவள். எட்டேகால் பஸ் அவளிடம் வரும்போது, உள்ளே பெட்டிகளும் பெட்டிகளுக்கு மேல் ஆட்களுமாக இருக்கும். ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து குனிந்து மன்னிப்புக் கேட்டபடியே போய்விடுவார். குனிந்ததால் முழங்கால் வலி குறையுமா?

அந்தச் சமயத்தில்தான் ஒரு அட்டை வந்தது. ஊர்க்காரர்களுக்கு மட்டும் ஓடும் சிற்றுந்து, பொதுக் கழிப்பறை, சுற்றுலாப் பேருந்து நிறுத்துமிடம்: இந்த வருடம் ஒன்றைத்தான் செய்ய முடியும், எது முதலில் என்று எழுதவும். எதுவும் எழுதாமல் முத்திரை மட்டும் இட்டால் நிறுத்துமிடத்துக்குச் சம்மதம் எனக் கொள்ளப்படும்.

"ஏங்க, அதுல பஸ்ஸப் பத்தி என்னமோ போட்டிருக்கே?" என்றாள் சுமியே.

"எல்லாம் பாத்தாச்சு" என்றார் மொரிதா, ஒரு கால் செருப்புக்குள் இருக்க. முத்திரைக்கான கட்டத்தைப் பார்த்திருந்தார், அது உண்மைதான்.

நிறுத்துமிடம் வரப்போகிறது என்று அறிவித்ததும் ஊர்க் கூட்டத்தில் முதலில் எழுந்தவர் யார் என்று கேட்பீர்களா?

"எங்கள யாரு கேட்டாங்க? என் பொண்டாட்டி முட்டியப் புடிச்சிக்கிட்டு ரோட்டுல நிக்கிறா, நீங்க வெளியூர் வண்டிக்கு எடம் தேடுறீங்களா?"

தெருவே கைதட்டியது. ஊர் அலுவலகத்துப் பெண் அசானுமா பணிவாக அந்த அட்டையை எடுத்துவந்து நீட்டினாள். "கேட்டோமேங்கய்யா. முதல் முத்திரையே உங்களோடதுதான்."

வெகு நேராகக் குத்தியிருந்தார். அதன் கீழே வரிசையாக மற்ற வீடுகள், அவருடையதோடு சேர்த்து மொத்தம் இருபத்திரண்டு வீட்டு முத்திரைகள். கைதட்டல் பாதியில் நின்றது.

"இத்தனை பொடி எழுத்துல போட்டா எவன் படிப்பான்?"

"சரிங்கய்யா, பெரிய எழுத்துல போட்டு இன்னொரு தடவை அனுப்புறோம். இதுதான் கடைசி."

வீட்டுக்கு வந்ததும் சுமியே ஒரு காரியம் செய்தாள். முத்திரையை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவிட்டாள். குத்த வழியில்லை என்றால் மனுஷன் வேறு வேலையில்லாமல் படித்துத்தானே ஆகவேண்டும்? பாவம், நாற்பது வருடம் குடும்பம் நடத்தியும் அவருடைய சாமர்த்தியம் அவளுக்குப் பிடிபடவில்லை. அட்டை வந்தது. மொரிதா இழுப்பறையைக் கவிழ்த்தார், மெத்தையைப் புரட்டினார், கடைசியில் அட்டையை மேஜையில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்கு ஓடினார். குடும்பப் பெயர் பொறித்த முத்திரைகள் அங்கே பேனாக்களுக்குப் பக்கத்திலேயே தொங்கும். போய்வர முக்கால் மணி நேரம். அதற்குள் பெரிய எழுத்து அட்டையைப் பத்துத் தரம் படித்திருக்கலாம். மூச்சிரைக்க வந்து, புது முத்திரையைக் குத்தி, தானே அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, "முத்திரை இல்லன்னா நம்ம வீட்டுல அட்டை தூங்கிடுமா?" என்று மார்தட்டினார்.

 அவர் ஓடிய முக்கால் மணி நேரத்தில் சுமியே படித்து, எழுதியும் முடித்திருந்தாள். முதல் வீட்டில் ஏதோ எழுதியிருப்பதைக் கண்ட மற்ற வீடுகள் 'மேற்படி' என்று எழுதி முத்திரை குத்தின. மேலே என்ன இருந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மற்ற தெருக்களிலும் பெரிய எழுத்து கொஞ்சம் வேலை செய்திருக்க வேண்டும். சிற்றுந்து வென்றது.

அடுத்த மாதம் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து மொரிதாவின் வாசல் வேலியைப் பிடுங்கத் தொடங்கினார்கள்.

"யோவ், என் பைன் மரத்துக்கிட்ட என்ன பண்றீங்க? என்னைய யாரு கேட்டாங்க?"

"நீங்கதானேங்க எழுதிக் கொடுத்தீங்க? வேலிய எடுத்துட்டு மரத்து நிழல்ல பெஞ்சு போடலாம், பஸ் இங்கயே நிக்கட்டும்னு."

அவர் திரும்பினார். சுமியே வாசலில் உட்கார்ந்து, முழங்காலை நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "உங்க முத்திரைதாங்க. புத்தம் புதுசு."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: கூட்டத்தில் அசானுமா நீட்டிய அட்டையில் எத்தனை வீட்டு முத்திரைகள் இருந்தன? சொல்லியாகிவிட்டது, மேலேதான் இருக்கிறது. தேடிப் பார்க்க வேண்டியிருந்தால், உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.