பெஞ்சு நிழல் காவலர்

காலை ஆறு மணிக்கு எந்தப் பூங்காவுக்குள் நுழைந்தாலும் இந்த ஜீவனைப் பார்க்கலாம். இயற்கைக் காவலர்களிலேயே இது தனி ரகம். இவருடைய இயற்கை ஒரு பெஞ்சில் தொடங்கி, அதன்மேல் விழும் நிழலோடு முடிந்துவிடும்.

எங்கள் பூங்காவிலும் ஒருவர் உண்டு, ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, நேற்றைய செய்தித்தாளால் பெஞ்சைத் துடைத்து, தலைக்கு மேலே கிளையெல்லாம் சரியாக இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் மனிதர் இன்றைய தாளைப் பிரிப்பார். ஒரு பழுத்த இலை விழுந்தால் போதும், தோட்டக்காரம்மாவைக் கூப்பிட்டுவிடுவார். "ஏம்மா, நம்ம மரத்துக்குத் தண்ணி ஊத்தினியா இல்லையா?" நம்ம மரமாம்! நட்டதும், பன்னிரண்டு வருஷம் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்ததும் அந்தம்மா. சரி, துடைத்த தாள் எங்கே போகும்? பக்கத்து மரத்தடியில். அது அவர் மரமில்லையே!

குழாய் பதிக்க அந்த மரத்தை வெட்டப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்களே, அன்று பார்க்க வேண்டும் அவரை. மூச்சு வாங்க வாங்க நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, பறவைக் கூட்டிலிருந்து பூமி சூடாவதுவரை ஒன்று விடாமல் பேசி, "முதல்ல என்னை வெட்டுங்க, அப்புறம் மரத்தை வெட்டுங்க!" என்று இன்ஜினீயர் முன்னால் மார்தட்டி நின்றார். சும்மா சொல்லக் கூடாது, எனக்கே கண் கலங்கிவிட்டது. வேலை நின்றது. தோட்டக்காரம்மாவுக்குப் போன உயிர் வந்தது.

இன்ஜினீயர் பலே கில்லாடி. மறுவாரம் இரண்டு ஆட்களை அனுப்பினார். அவர்கள் மரத்தைத் தொடவே இல்லை. பெஞ்சைப் பெயர்த்து, ஐம்பது அடி தள்ளி வேறொரு மரத்தடியில் பதித்துவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் நம்மவர் முறைத்தார். இரண்டாம் நாள் உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள், "பரவாயில்லையே, இங்க காத்து நல்லா வருது!" என்றார்.

நாலாம் நாள் தோட்டக்காரம்மா அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். "சார், மரத்தை வெட்ட வந்துட்டாங்க! நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்!"

அவர் பதறிப்போய் அண்ணாந்து பார்த்தார். கிளையெல்லாம் பத்திரமாக இருந்தது. "நல்லாத்தானே இருக்கு? நீ எந்த மரத்தைச் சொல்றே?"

அந்தம்மா பழைய மரத்தைக் கைகாட்டினார். அதற்குள் ரம்பம் ஓட ஆரம்பித்துவிட்டது. "காலங்காத்தால என்ன இரைச்சல்!" என்று நம்மவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

'நீயாவது போய்த் தடுத்திருக்கலாமே?' என்று என்னைக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், என் பெஞ்சு குளத்துப் பக்கம் இருக்கிறது. உங்களுடையது எந்தப் பக்கம்?