முத்திரை உடையாத கேசட்

உங்களை ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். நீங்கள் உயிருக்கு மேலாகப் போற்றும் பொருளைக் கடைசியாக எப்போது பயன்படுத்தினீர்கள்? துடைத்து வைத்ததைக் கேட்கவில்லை. வந்தவர்களுக்குக் காட்டி அவர்களைப் பெருமூச்சு விடவைத்ததையும் கேட்கவில்லை. பயன்படுத்தியதைக் கேட்கிறேன்.

பதில் வராது. எனக்குத் தெரியும். நாமெல்லாம் ஒரே இனம்.

'அரியது சேர்ப்போர்' என்று அந்த இனத்துக்குப் பெயர். உலகெங்கும் பரவியிருக்கும் இந்த இனம் வடக்குப் பனிநாட்டில் உள்ள எங்கள் தாம்பெரெ நகரத்தில் கறுப்புச் சட்டை அணிந்து, தாடி வளர்த்து, டிராமில் ஓரமாக நின்று பயணம் செய்யும். இந்த ஊரில் மெட்டல் என்ற இரைச்சல் ராக் இசை கேட்பது ஒரு பெருமையே அல்ல. பல் மருத்துவர் கேட்கிறார், பாதிரியாரின் மகள் கேட்கிறாள், நகரசபை உறுப்பினர் கேட்டுக்கொண்டே வரவுசெலவுத் திட்டத்துக்குக் கை தூக்குகிறார். அப்படியானால் பெருமை எதில் இருக்கிறது? அடுத்தவன் கேட்க முடியாததை நாம் வைத்திருப்பதில் இருக்கிறது. ஜப்பானில் மட்டும் வெளியான பதிப்பின் கடைசிப் பாட்டு, குழுவினர் போதையில் பிறர் பாட்டைப் பாடிவிட்டு விடிந்ததும் வெட்கப்பட்டு ஒளித்துவைத்த பதிவு, டிரம்காரர் நடுவில் தும்மிய முதல் பிரதி. தும்மல் இல்லாத இரண்டாம் பிரதியை இந்த இனம் சீந்தாது.

இந்த இனத்தின் முழுமையான மாதிரி வேண்டுமென்றால் ஒஸ்மோவைப் பாருங்கள். கட்டடங்களின் காற்றோட்டத்தைச் சோதித்துச் சான்று தருவது அவருக்கு வேலை. ரவுத்தாசுவோ என்ற மெட்டல் குழுவுக்கு ரசிகராக இருப்பது அவருக்கு வாழ்க்கை. பதினெட்டு வயது நிரம்பிய கையோடு திருச்சபைப் பதிவேட்டிலிருந்து தன் பெயரை நீக்கிக்கொண்டவர். "செத்தவன் எலும்பக் கண்ணாடிப் பெட்டியில வச்சு முட்டி போடுறானுங்க, மூளை இருக்கா இவனுங்களுக்கு?" என்று மதுக்கடையில் மேசையைத் தட்டிப் பேசுவார். நியாயமான கேள்விதான். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, தன் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்து நிற்பார்.

சிரிக்காதீர்கள். நானும் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கிக்கொண்டவன்தான். என் வீட்டுக் கையுறை சாம்பல் நிறம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேசட். ரவுத்தாசுவோ பிறந்த வருடம், ஊரறியாத காலத்தில், தாங்களே பதிவு செய்து நண்பர்களுக்குக் கொடுத்த ஒத்திகைப் பதிவு. ஒரு பக்கம் பழைய டாங்கோ நடனப் பாட்டு ஒன்றை இரைச்சலாக்கிப் பாடியது. மறுபக்கம் பெயரிடாத ஒரு மெட்டு. உறையைக் கறுப்பு மெழுகால் ஒட்டி, மெழுகின் மேல் ஒரு பீர் புட்டி மூடியை அழுத்தி முத்திரை வைத்திருந்தார்கள். வாங்கிய மற்றவர்கள் முத்திரையை உடைத்தார்கள், கேட்டார்கள், பிறகு அதன் மேலேயே பனி ஹாக்கி வர்ணனையைப் பதிந்தார்கள். அதாவது மனிதர்களைப்போல நடந்துகொண்டார்கள். ஒஸ்மோ மட்டும் உடைக்கவில்லை. உலகில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

கேட்டதும் இல்லை. ஆனால் அதைப்பற்றி ரசிகர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் நீண்ட ஆய்வுரை எழுதியிருக்கிறார்.

பெட்டி இருந்த இடத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அடுக்குமாடி வீடுகளில் குளியலறையை ஒட்டி ஒரு சானா இருக்கும்: உட்கார்ந்து வியர்த்துக் குளிக்க, மரப் பலகைகள் படிபோல ஏறும் வெப்ப அறை, மூலையில் கற்கள் நிரப்பிய மின் அடுப்பு. பாதிப் பேர் வீட்டில் அதில் பழைய துணியும் பனிச்சறுக்குக் கட்டைகளும் கிடக்கும். ஒஸ்மோ வீட்டில் அது கருவூலம். படிப்படியாகப் பெட்டிகள்; மேல் பலகையில், அரியணைபோல, கண்ணாடிப் பெட்டி. சுவரில் நூற்றிருபது டிகிரி வரை காட்டும் வெப்பமானி, வருடக்கணக்கில் பதினெட்டிலேயே நின்று அவர் மனத்தைக் குளிர்வித்தது. அவர் மனைவி தூலிக்கி சனிக்கிழமைதோறும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்த்தளத்துப் பொதுச் சானாவில் தன் முறைக்குக் காத்திருந்தாள். அதைப்பற்றி ஆய்வுரை யாரும் எழுதவில்லை.

அப்படியொரு சனிக்கிழமை சினிக்கா வந்தாள். டிராம் ஓட்டுகிறவள். அதற்கும் முன்னால் ரவுத்தாசுவோவின் முதல் பாஸ் கிதார்க்காரி. அட்டைப்படத்தில் பெண் நின்றால் பயங்கரமாக இருக்காது என்று எவனோ ஒரு மேலாளர் சொன்னான், குழுவிலிருந்த மற்ற பையன்கள் தரையைப் பார்த்தார்கள், அவள் போய்விட்டாள். அவள் மெட்டு மட்டும் போகவில்லை. அதுதான் 'உறைந்த கிணறு' ஆயிற்று, ஊரே தொண்டை கிழியப் பாடும் பாட்டாயிற்று, 'இசை: யர்மோ' என்று அச்சும் ஆயிற்று. யர்மோ கிதார்க்காரர். நல்லவர் என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நல்லவர்களுக்கு இப்படி ஞாபகம் தவறுவது எத்தனை வசதியாக அமைந்துவிடுகிறது!

இப்போது குழுவின் அரிய பதிவுகளும் பிறர் பாடல்களும் அடங்கிய தொகுப்பு வரப்போகிறது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. மெட்டு தன்னுடையது என்று சினிக்கா எழுதிக் கேட்டாள். ஆதாரம் காட்டு என்றது தொகுப்பை வெளியிடும் இசை நிறுவனம். உலகில் அதற்கிருந்த ஒரே ஆதாரம் ஒஸ்மோவின் கேசட்டில் இருந்தது.

தூலிக்கி காப்பி ஊற்றி, ஏலக்காய் ரொட்டி அறுத்து வைத்தாள்.

"ஒரு தடவை போட்டுக் காட்டு ஒஸ்மோ," என்றாள் சினிக்கா. "போன்ல பதிஞ்சுக்கறேன். கேசட்ட நீயே வச்சுக்கோ, நான் கேக்கல."

"போடணும்னா முத்திரைய உடைக்கணும்."

"உடை."

ஒஸ்மோவின் முகம் மருத்துவர் கையில் ரம்பத்தைப் பார்த்தவர் முகம்போல ஆயிற்று. "சினிக்கா, உனக்குப் புரியல. உலகத்துல உடையாத முத்திரை இது ஒண்ணுதான். உடைச்சா வெறும் கேசட்."

"இப்பவும் வெறும் கேசட்தான். அந்த மூடிய அழுத்தினதே நான்தான். மெழுகு எங்கம்மாவோட கிறிஸ்துமஸ் மெழுகுவத்தி. கறுப்பு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? எங்கப்பாவோட ஷூ பாலிஷ்!"

"ஷூ பாலிஷா?" ஒஸ்மோ நிமிர்ந்தார். கண் பளபளத்தது. "இது எங்கயும் பதிவாகலியே!"

"டேய், நான் என் பாட்டப் பத்திப் பேசிட்டிருக்கேன்!"

சினிக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உன் ஆய்வுரைய படிச்சேன். ரெண்டாம் பக்கத்துக் குரல் பாறைய உரசுற மாதிரி இருக்குன்னு எழுதியிருக்க. எங்க கேட்ட?"

ஒஸ்மோ ரொட்டியைப் பார்த்தார்.

"ஊகம்," என்றார்.

நம் இனத்தின் மொத்தச் சமயமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. காணாததை வர்ணிப்போம், கேளாததை விளக்குவோம்; திறந்து பார்க்கலாமே என்றால் அது தீட்டு. பாதிரி செய்தால் மூடநம்பிக்கை. நாம் செய்தால் சேகரிப்பு.

"அப்ப அவ பேரு வராதா?" என்று கேட்டாள் தூலிக்கி.

"நான் சாட்சிக் கடிதம் எழுதித் தர்றேன்..."

"எத வச்சு? ஊகத்த வச்சா?"

தூலிக்கி எழுந்தாள். குளியலறைப் பக்கம் போனாள். சானாவுக்குள் அடுப்பின் மேல் இருந்த அட்டைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பின் திருகியைத் திருப்பும் 'கிர்ர்ர்' என்ற சத்தம். இந்த நாட்டில் பிறந்த எவருக்கும், தொட்டில் குழந்தைக்கும், அந்தச் சத்தம் எதற்கென்று தெரியும்.

"தூலிக்கி! என்ன பண்ற?"

"இன்னிக்கு சனிக்கிழமை. என் வீட்டுல, என் சானாவுல, என் விருந்தாளியோட குளிக்கப் போறேன். உன் சாமான் உள்ள இருந்தா அதுவும் சேர்ந்து குளிக்கட்டும்."

ஒஸ்மோ பாய்ந்தார். அடுப்பை அணைக்கலாமே என்கிறீர்களா? திருகியை மறைத்துக்கொண்டு தூலிக்கி நின்றாள். அவளை நகர்த்தும் துணிச்சல் கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு இருந்ததில்லை. கண்ணாடிப் பெட்டியை ஒரே எட்டில் எடுத்திருக்கலாமே என்கிறீர்களா? கையுறை இல்லாமலா! விரல் எண்ணெய் பட்டால் மெழுகு மங்கிவிடாதா? வழக்கமாகக் கையுறை தொங்கும் ஆணி காலியாக இருந்தது.

"கையுறை எங்க? தூலிக்கி, கையுறை!"

"தோய்ச்சுப் போட்டேன். பால்கனிக் கொடியில பாரு."

ஓடினார். ஒன்று இருந்தது, மற்றது காற்றில் விழுந்து பூந்தொட்டிக்குப் பின்னால் கிடந்தது. கால் மணி நேரம் தேடி, உதறி, ஈரத்தோடு விரல் விரலாக மாட்டிக்கொண்டு அவர் திரும்புவதற்குள், இரண்டு பெண்களும் மற்றப் பெட்டிகளையெல்லாம் நடைக்குக் கடத்தியிருந்தார்கள். மேல் பலகையில் கண்ணாடிப் பெட்டி மட்டும் தனியாக அமர்ந்திருந்தது. சூடு மேலேதான் ஏறும். ஊர்க் கட்டடங்களின் காற்றோட்டத்துக்கெல்லாம் சான்று கொடுக்கும் மனிதருக்கு இது நினைவுக்கு வரவில்லை.

முத்திரை அழுதுகொண்டிருந்தது. பீர் மூடி ஒரு பக்கமாகச் சரிந்து, கறுப்பாக ஒழுகி, உறையின் வாய் தானாகத் திறந்துகொண்டது. கேசட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூலிக்கி அடுப்பை அணைத்தாள்.

"நான் உடைக்கல," என்றாள். "சனிக்கிழமை உடைச்சிருச்சு."

கேசட் ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு போட்டார்கள். டாங்கோ ஓடியது: படுமோசம், நடுவில் ஒரே சிரிப்பு. மறுபக்கம் திருப்பினார்கள். ஓர் இளம்பெண் வார்த்தையில்லாமல் முனகுகிறாள். ஊரே பாடும் மெட்டு. யர்மோவின் பதின்வயதுக் குரல் குறுக்கிடுகிறது: "சினிக்கா, எங்கேருந்து புடிச்ச இத?" "பஸ்ல வரும்போது வந்துச்சு. நீ வாசி, சொல்லித் தரேன். இல்ல, அங்க ஏறக் கூடாது. இறங்குடா, இறங்கு..."

சினிக்கா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒஸ்மோ கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"பாறை இல்ல," என்றார். "தண்ணி மாதிரி இருக்கு."

சினிக்கா போனில் பதிந்துகொண்டது திங்கட்கிழமை காலையில் இசை நிறுவனத்துக்குப் போனது. யர்மோவுக்கும் ஞாபகம் வந்துவிட்டது, அதே வசதியோடு. தொகுப்பில் பெயர் மாறும் என்று எழுத்தில் சொன்னார்கள்.

ஒஸ்மோ திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? தொகுப்பு வெளியான வாரம், மறுபடி சனிக்கிழமை. ஒஸ்மோ வீட்டுச் சானா இப்போது சூடாகவே இருக்கிறது; கருவூலம் படுக்கையறைக்குக் குடிபோய்விட்டது. சினிக்கா துண்டோடு வந்தாள். "எனக்கு இன்னும் பிரதி வரல. பேரு போட்டிருக்காங்களா?"

ஒஸ்மோ பூரிப்போடு மூன்று பிரதிகளைக் கொண்டுவந்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றும் பளபளவென்று பிளாஸ்டிக் உறைக்குள்.

"போட்டிருப்பாங்க. உள்ள, பாட்டுக் குறிப்புப் புத்தகத்துல."

"பாத்தியா?"

"பிரிச்சாத்தானே பாக்க முடியும்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். தூலிக்கி சானாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். ஒஸ்மோ வெறுங்கையால் ஒரு பிரதியை எடுத்து, நகத்தை உறையின் ஓரத்தில் வைத்தார். கிழித்தார்.

பெயர் இருந்தது. இரண்டு பெண்களும் குனிந்து படித்தார்கள். சினிக்கா படித்துக்கொண்டே இருந்தாள்.

இதுவரை சிரித்த உங்களிடம் மறுபடி கேட்கிறேன். உங்கள் அலமாரியில், பரணில், பூட்டிய இழுப்பறையில், பிரித்தால் மதிப்புப் போய்விடும் என்று எதை மூடி வைத்திருக்கிறீர்கள்? அதற்குள் யாருடைய பெயர் காத்திருக்கிறது? தெரியாது அல்லவா? ஊகம்தானே? என்னிடமும் அதே தொகுப்பு ஒன்று உறை பிரியாமல் இருக்கிறது. இந்த வரியை முடித்ததும் கிழிக்கப்போகிறேன். நீங்களும் எழுந்திருங்கள். கையுறை வேண்டாம். போய்ப் பிரித்துப் பாருங்கள்.