பிடுங்கிக் கற்றுக்கொடுப்பவர்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார், போன் கற்றுக்கொடுக்கிறவர். காசு கேட்க மாட்டார், கோபப்பட மாட்டார், கூப்பிட்டால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து வருவார். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை. அவரிடம் யாரும் எதையும் கற்றுக்கொண்டதில்லை.

எப்படிக் கற்க முடியும்? "இதுல போட்டோ எப்படி அனுப்பறது?" என்று நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் போன் அவர் கைக்குப் போயிருக்கும். கட்டைவிரல் மேலே ஏறும், கீழே இறங்கும், பக்கவாட்டில் பாயும், எதையோ மூடும், எதையோ திறக்கும், போகிற போக்கில் உங்கள் மருமகன் அனுப்பிய காலை வணக்கத்தையும் படித்துவிடும். "அவ்ளோதான், புரிஞ்சுதா?" மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள். மறுநாள் அதே போனோடு அவர் வாசலில் நிற்பீர்கள். அவர் முகத்தில்தான் எவ்வளவு சந்தோஷம்!

நெல்லிவாசல்நாடு என்கிற மலைக் கிராமத்தில் அந்த மகான் பெயர் அருள்மணி. ஞாயிறுதோறும் பள்ளிக்கூட வராந்தாவில் பெரியவர்களுக்கு வகுப்பு. இரண்டு வருஷமாக அதே பாடம், அதே மாணவர்கள். பெண்கள் குழுவின் போனுக்கு அவர் போட்ட பாதுகாப்பைக் கேளுங்கள்: தன் கட்டைவிரல் ரேகையையே பூட்டாக வைத்தார். "உங்களுக்கு எதுக்குக்கா தொல்லை? நான் இல்ல?"

சென்ற வைகாசியில் ஒரு நாள், குழுத் தலைவி சுந்தரம்மாள் அந்தப் போனோடு ஓடிவந்தார். குழுவின் புளியை ஏற்ற லாரி வேண்டுமென்றால் பகல் பன்னிரண்டுக்குள் போனில் பதிய வேண்டும். விட்டால் அடுத்த லாரி ஒரு மாதம் கழித்து. வானமோ இருட்டிக்கொண்டு நிற்கிறது. நாற்பது மூட்டை, ஈரம் பட்டால் கறுத்துப்போய் ஒருத்தரும் சீந்த மாட்டார்கள். மணி பதினொன்றரை.

அருள்மணி பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் முழங்கை வரை பிசின். விரலை வைத்தார், போனுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு வைத்தார், அப்போதும் தெரியவில்லை. கடைசியில் நாலு இலக்க நம்பர் கேட்டது.

"குடுக்கா, நானே போடறேன்."

"பிசினோட தொடாத! வாயால சொல்லு."

அருள்மணி நெளிந்தார். "ஒண்ணு, ஒம்பது, ஏழு, மூணு. நான் பொறந்த வருஷம்."

"இன்னாது? நாப்பத்தஞ்சுதான்னு சொல்லினு திரிஞ்சியே!"

பூட்டு திறந்தது. "அடுத்து இன்னா?" என்றார் சுந்தரம்மாள்.

அருள்மணி வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. விரல் தினமும் போய்வந்த வழி வாய்க்குத் தெரிந்தால்தானே? "மேல ஒரு இது இருக்கும்க்கா... அத்த இப்படி..." என்று காற்றைத் தடவினார். தடவிய கை தானாகப் போனை நோக்கி நகர்ந்தது. சுந்தரம்மாள் அதைத் தட்டிவிட்டு, திரையைக் கண்ணருகே வைத்து எழுத்துக் கூட்டினார்.

"'புதிய பதிவு'ன்னு போட்டுக்குது. யோவ், தமிழ்லதான்யா இருக்குது!"

"தமிழா?" என்றார் அருள்மணி. அவர் ஒருநாளும் படித்துப் பார்த்ததில்லை.

மூட்டை எண்ணிக்கையில் சுந்தரம்மாள் நானூறு என்று அடித்துவிட்டார். அருள்மணி துள்ளினார். "இரு, இரு," என்று சுந்தரம்மாளே ஒரு சைபரை அழித்தார். பன்னிரண்டுக்கு ஏழு நிமிஷம் இருக்கையில் பதிவு ஏற்கப்பட்டது என்று பச்சையில் வந்தது.

"இப்ப உன் விரலை எடுத்துட்டு என் விரலை வெக்கணும். சொல்லு. சொல்றது மட்டும்தான்."

சொன்னார். கால் மணி நேரம் பிடித்தது. அந்தக் கால் மணி நேரத்தில்தான் அவர் முதல்முறையாக வாத்தியார் ஆனார் என்பது அவருக்குத் தெரியாது. சுந்தரம்மாள் அதே மாதிரி வாயால் சொல்லியே மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார். அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் பாதிப் பேர்கூட வரவில்லை என்று அருள்மணி இன்றும் வருத்தப்படுகிறார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டிலும் யாராவது போனை நீட்டிக்கொண்டு வருவார்கள். அவர்கள் விரல் தப்பான இடத்துக்கு மேலே தயங்கி நிற்கும் அந்த நொடியில், உங்கள் கை எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.