வெள்ளை அணுவில் பொருத்தம் பார்த்தவர்

நட்சத்திரம் பார்க்கிறவர், பல்லி விழுந்த பலன் சொல்கிறவர், இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். ரத்த ஜோசியரைத் தெரியுமா? தெரியாமல் எங்கே போகும், ஊருக்கு ஒருவர் இருக்கிறாரே! பட்டணத்து ஆஸ்பத்திரியில் யாருக்காவது துணையாக நாலு நாள் படுத்திருப்பார். டாக்டர் யாருக்கோ சொன்ன ஒரு வார்த்தை காதில் விழுந்திருக்கும். அதோடு ரயிலேறி வந்தவர் அப்புறம் யார் முகத்தையும் முகமாகப் பார்க்கமாட்டார், கண்ணின் கீழ் இமையை இழுத்துத்தான் பார்ப்பார்.

எளாவூர் துளசிராமன் இந்த ஜாதி. என் ஓரகத்தி மணியம்மாளுக்கு அண்ணன். ஐம்பத்தைந்தாம் வருஷம் அவர் கேட்டு வந்த வார்த்தை இது: ‘வெள்ளை அணு ஏறியிருக்கிறது, இதயத்தைக் கவனிக்கவேண்டும்.’ போதாதா? சாவு வீட்டில் பிணத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “அப்பவே அணுவ எண்ணியிருந்தா ஆளு தப்பிச்சிருப்பான்” என்பார். செத்தவன் பனைமரத்திலிருந்து விழுந்தவன்.

மணியம்மாள் மகள் குணசுந்தரிக்குத் திருவாலங்காட்டுத் தணிகாசலத்தைப் பேசினார்கள். பெண்ணுக்குப் பிடித்திருந்தது, ஜாதகமும் பொருந்தியது. தாய்மாமன் தலையாட்டவேண்டியதுதான் பாக்கி. ஆட்டவில்லை.

“ஜாதகத்துல ஆயுசு கீது. ரத்தத்துல கீதா?”

மாப்பிள்ளை திருவள்ளூருக்குப் போய் விரலைக் குத்திக்கொண்டு சீட்டோடு வந்தான். வெள்ளை அணு பதினோராயிரம். காலில் முள் ஏறிச் சீழ் வைத்திருக்கிறது, ஆறினால் இறங்கிவிடும் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். எழுத்தை யார் படித்தார்கள்? மாமன் எண்ணை மட்டும் படித்தார்.

“பத்தே வருசம். மார்ல கைய வெச்சிக்கினு குந்திடுவான். எம் பொண்ணு தாலி அறுக்கறதுக்கா?”

குணசுந்தரி மூன்று நாள் சோறு தொடவில்லை. “பட்டினி கெடந்தா செவப்பணு கொறையும்மா” என்றார் மாமன், பாசமாக.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் தாய் முத்தம்மா வண்டி கட்டிக்கொண்டு வந்தாள்.

“சரிங்கண்ணே. தாலி எடுத்துக் குடுக்கற கை உங்க கை. உங்க ரத்தத்தையும் ஒருவாட்டி பாத்துக்கினு வந்துடுங்க.”

மாமன் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். வரும்போது துண்டு தரையில் இழுபட்டது. பதினாலாயிரம்! கடைவாய்ப் பல் சொத்தை, பிடுங்கினால் சரியாகும் என்று இந்தச் சீட்டிலும் எழுதியிருந்தது. தன் சீட்டையும் அவர் படிக்கவில்லை.

“பதினோராயிரத்துக்கே பத்து வருசம்னா...” என்று விரல் மடக்கிய மணியம்மாள் ஓவென்று அழுதாள்.

முத்தம்மா அழவில்லை. “அழுதுக்கினு குந்தினா ஆவுமா? எம் புள்ளைக்காவது பத்து வருசம் கீது. மாமன் இல்லாத கண்ணாலம் நல்லாவா இருக்கும்? அவரு இருக்கசொல்லவே முடிச்சிடணும். வர்ற வெள்ளிக்கிழம!”

மாமன் என்ன சொல்வார்? தன் ஜோசியத்தைத் தானே பொய் என்பாரா? செத்தாலும் மாட்டார். தலையாட்டினார். இடது கையை மார்பில் வைத்து, வலது கையால் தாலியை எடுத்துக் கொடுத்தார்.

வருஷம் நாலாகிறது. பல்லைப் பிடுங்கியாயிற்று. குணசுந்தரியின் இரண்டாவது பிள்ளைக்கும் காது குத்தினது மாமன் மடியில்தான். “இதான் கடைசி” என்று சொல்லிவிட்டு ஏழு வடை தின்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். பதினாலாயிரம் என்றதும் ‘நமக்கு எத்தனை இருக்கும்?’ என்று நீங்களும் ஒரு நொடி நின்றீர்களே? கண்ணாடி முன்னால் போய் இமையை இழுக்காதீர்கள். துளசிராமனுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.