இரட்டைக்குழலாரின் அளவுத் துவக்கு

தையல்கடைக்குப் போய்த் துவக்குக்கு, அதுதான் துப்பாக்கிக்கு, அளவு கொடுத்த மனிதர் இந்தத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து வளவு, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. இன்னொருவரை யாராவது கூட்டிவந்து காட்டினால் நான் எழுதுவதையே விட்டுவிடுகிறேன்.

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காட்டோரமாக இருந்த குடியேற்றத் திட்டம் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில ஆசிரியராக மாற்றலாகி வவுனியாவிலிருந்து போயிருந்தேன். போய் ஒரு மாதத்துக்குள் ஊரே அவரை இரட்டைக்குழலார் என்று கூப்பிடத் தொடங்கியது. அதற்கு முந்திய பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்திருக்கும். நான் போய்ப் பார்க்கவில்லை.

கடையில் விற்கிற எதுவும் அவருக்குப் பொருந்தாது. கடைசிச் சண்டையில் செல் குண்டின் துண்டு பட்டு வலது தோள் இறங்கி, அந்தக் கையும் இரண்டு அங்குலம் குறைந்துவிட்டது. வேறு யாராவது என்றால் அதைச் சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டியிருப்பார்கள். இவரோ உலகத்தைத் தன் அளவுக்கு வெட்டத் தொடங்கினார். மண்வெட்டிப் பிடியை மாற்றினார். சைக்கிள் ஹாண்டிலை ஒரு பக்கம் நீட்டினார். தான் உட்காரும் கதிரையின் கால்களைத் தனக்கேற்றபடி அறுத்தார். அந்தக் கதிரையில் அவர் இருந்தால் மகாராசா. நான் இருந்தால் மெல்ல மெல்ல வழுக்கிப்போய்ச் சமையல் நடக்கிற குசினி வாசலில் நிற்பேன்.

"கடையிலை விக்கிறதெல்லாம் கடைக்காரன்ரை அளவு, மாஸ்ரர். எங்கட அளவை நாங்கள்தான் சொல்லோணும்" என்பார்.

அவருக்கு மூன்று ஏக்கர் வயல். தொடர்ந்து இரண்டு போகம் ஒரே தனியன் யானை வந்து தின்றுவிட்டது. மின்சார வேலிக்கு மேல் மரத்தைச் சாய்த்துவிட்டு நடந்து வருகிற யானை அது. யானை வெடி கொளுத்தினால், யாரோ கோயில் திருவிழா நடத்துகிறார்கள் என்கிற மாதிரி நின்று கேட்டுவிட்டுத் தின்னும். இரண்டாம் முறை தின்று முடித்த அன்று அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், வேலிப் படலையடியில் நின்று எனக்கும் கேட்கவே சொன்னார்.

"இஞ்சாருங்கோ, வாற போகமும் யானைக்குத்தான் எண்டா நான் இனி இதிலை இருக்கமாட்டன். காணியை வித்துப்போட்டுப் பரந்தனிலை தங்கச்சி வீட்டை போவம். நீங்கள் வராட்டில் நான் தனியப் போறன்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். இரட்டைக்குழலார் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. காட்டை வெட்டி, பதுங்குகுழிகளை மூடி, இடம்பெயர்ந்து போய்த் திரும்பவும் வந்து பிடித்த காணி அது. மூன்றாம் நாள் காலை என் வீட்டுக்கு ஓடிவந்து கைபேசியை மூக்குக்கு நேரே நீட்டினார்.

படம் இங்கிலாந்தில் எடுத்தது. கழுத்துப்பட்டி கட்டிய பணக்காரர் ஒருவருக்கு, பெரிய மிருகம் சுடுகிற இரட்டைக்குழல் துவக்கு செய்ய அளவெடுக்கிறார்கள். கன்னத்திலிருந்து தோளுக்கு ஒரு அளவு. தோளிலிருந்து விரலுக்கு இன்னொரு அளவு. கண்ணுக்குக்கூட அளவு.

"பாருங்கோ மாஸ்ரர், கலியாண மாப்பிள்ளைக்கும் இப்பிடி எடுக்கமாட்டாங்கள்! இவங்கள்தான் எனக்குச் சரியான ஆக்கள். ஒரு கடிதம் எழுதுங்கோ."

"அண்ணை, யானையைச் சுட்டா மறியல், உள்ளை போட்டிடுவாங்கள்!"

"ஆர் சுடப்போறது? பிள்ளையாரை ஆராவது சுடுவினமே? சுடாத துவக்கு எண்டு எழுதுங்கோ."

எழுதினேன். என் ஆசிரிய வாழ்க்கையில் அப்படியொரு ஆங்கிலம் எழுதியதில்லை. மிருகம்: யானை. குண்டு: தேவையில்லை. ஆனால் தோளில் அச்சொட்டாகப் பொருந்த வேண்டும். ஒரு கிழமையில் மின்னஞ்சலில் மிகப் பணிவான பதில் வந்தது. அளவெடுக்க நேரில் வரவேண்டும், செய்து முடிக்க மூன்று வருடம் செல்லும் என்று எழுதியிருந்தார்கள். விலையை இரண்டுதரம் வாசித்தேன். காணி, வீடு, மாடு, பக்கத்து வளவு மாஸ்ரர் எல்லாவற்றையும் விற்றாலும் அரைக் குழல்தான் வரும்.

"விலையை விடுங்கோ. மூண்டு வருசம் யானை பொறுக்குமே?" என்றார் அவர்.

அன்றைக்கே சந்தியிலிருந்த தையல்காரரிடம் போனோம். பள்ளிக்கூடச் சீருடை தைக்கக் காத்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, தையல்காரர் சிரிக்காமல் நாடாவைப் பிடித்தார். கன்னம், தோள், முழங்கை, விரல். எல்லாவற்றையும் கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்தார். துண்டு தச்சுவேலை ஓடாவியாரிடம் போனது. ஓடாவியார் பாலை மரத்தில் பிடி செதுக்கி, தண்ணீர்க் குழாய் இரண்டைப் பூட்டி, விசைக்கு ஒரு கம்பியை வளைத்து வைத்துக் கறுப்பு மை அடித்தார். சுடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. ஊதினால் காற்று வரும், அவ்வளவுதான்.

"அண்ணை, இதுக்கு யானை பயப்பிடுமே?" என்று கேட்டேன்.

"இது வன்னி யானை, மாஸ்ரர். இது காணாத துவக்கோ? கண்டவுடனை ஓடும். ஆனா தோளிலை கோணலா இருந்தா, இவன் சுடத் தெரியாத பேயன் எண்டு அதுக்கு விளங்கிப்போடும். அதுக்குத்தான் அளவு."

இதற்கு எந்த விலங்கியல் பேராசிரியர் பதில் சொல்வார்?

துவக்கு வந்தது. தோளில் வைத்தார். விசைக்கு விரல் எட்டவே இல்லை. இரண்டு அங்குலம் நீளம்! ஓடாவியார் துண்டைக் காட்டிச் சத்தியம் செய்தார். துண்டை எடுத்துக்கொண்டு தையல்காரரிடம் பறந்தோம். அவர் கண்ணாடியைப் போட்டு அவசரப்படாமல் ஆறுதலாகப் பார்த்தார்.

"அளவு சரி அண்ணை. தையலுக்கு ரெண்டு அங்குலம் விட்டிருக்கிறன். பிறகு உடம்பு வைச்சா பிரிச்சு விடலாம்தானே?"

இரட்டைக்குழலார் அவரைத் துவக்கால் அடிக்காததற்கு ஒரே காரணம், அது உடைந்துவிடும் என்பதுதான். ஓடாவியார் இரண்டு அங்குலத்தை அறுத்து எடுத்தார். அக்கா ஒன்றையும் பார்க்காதவர்போல நடந்து திரிந்தார். ஒருநாள் மட்டும் பொறுக்கமாட்டாமல் வெடித்தார்.

"உந்தத் துவக்கைத் தூக்கிக்கொண்டு றோட்டாலை போகாதேங்கோ. பொலிஸ்காரங்கள் முதல் உங்களைச் சுட்டுப்போட்டு, பிறகுதான் பைப் எண்டு பாப்பாங்கள்!"

அடுத்த போகத்தில், கதிர் பால்பிடித்த ஒரு பின்னேரம், வெயில் இறங்காத நேரத்திலேயே தனியன் வந்துவிட்டது. நானும் வரம்பில் நின்றேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரட்டைக்குழலார் காலை அகட்டி, மூச்சைப் பிடித்து, துவக்கைத் தோளில் ஏற்றினார். யானை பார்த்தது. காதை ஒருதரம் ஆட்டியது. பிறகு ஒரு பிடி நெல்லைச் சுருட்டி வாயில் போட்டது. நான் ஓடத் தயாராகச் செருப்பைக் கழற்றினேன். இவரோ என் பக்கம் திரும்புகிறார், முகமெல்லாம் சிரிப்பு.

"பொருந்துது மாஸ்ரர்! அச்சாவாப் பொருந்துது!"

யானை இரண்டாவது பிடியைச் சுருட்டுகிறது. அந்த நேரம் பார்த்து, சைரன் அலற, ஹோர்ன் அடித்தபடி வயல் பாதையால் பொலிஸ் ஜீப் ஒன்று பாய்ந்து வந்தது. வரம்பில் ஒருவர் இரட்டைக்குழல் துவக்கோடு நிற்கிறார் என்று பஸ்ஸில் போன யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தச் சத்தத்துக்கு யானை வாலை உயர்த்திக்கொண்டு காட்டுக்குள் ஓடியது. நாங்கள் இருவரும் கையை உயர்த்திக்கொண்டு நின்றோம்.

சார்ஜன்ட் குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். மறுபக்கம் வெயில் தெரிந்தது. துவக்கைத் தன் தோளிலும் வைத்துப் பார்த்தார்.

"உங்களுக்குப் பொருந்தாது ஐயா. அது என்ரை அளவு" என்றார் இரட்டைக்குழலார்.

துவக்கு ஜீப்பில் ஏறிப் போய்விட்டது. எச்சரிக்கையோடு எங்களை விட்டார்கள். மனுசன் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஜீப் போன பாதையையே பார்த்துக்கொண்டு தாடியைச் சொறிந்தார்.

நான்கு நாள் கழித்துப் பின்னேரம் யானை வந்தது. பத்து நிமிடத்தில் சைரனோடு ஜீப்பும் வந்தது. யானை ஓடியது. வயலில் துவக்கோடு ஒருவரும் இல்லை. அடுத்த கிழமையும் அதே யானை, அதே ஜீப். மூன்றாம் முறை சார்ஜன்ட் நேரே இரட்டைக்குழலாரின் வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தார். வழுக்கினார். எழும்பி நின்றுகொண்டு கேட்டார்.

"அண்ணை, துவக்கோடை ஒராள் நிக்கிறான் எண்டு பொலிசுக்குக் கோல் எடுக்கிறது நீங்கள்தானே?"

"ஓம்."

"யானை வந்தா யானை எண்டு சொல்லுங்கோவன்!"

"யானை எண்டு முதல் போகம் எத்தனைதரம் சொன்னனான்? அது எங்கட வேலையில்லை எண்டு சொன்னவை. துவக்கு எண்டா பத்து நிமிசத்திலை வாறியள். நான் என்ன செய்ய, ஐயா?"

பொய்த் தகவலுக்கு என்ன தண்டனை என்று நான் மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தேன். அக்கா குசினி நிலையைப் பிடித்தபடி நின்றார். சார்ஜன்ட் தன் சொந்தக் கைபேசி இலக்கத்தைச் சொன்னார்.

"இனி யானை எண்டே சொல்லுங்கோ. நான் வாறன்."

வந்தார். அறுவடை வரைக்கும் எட்டு முறை வந்தார். அந்தப் போகம் மூன்று ஏக்கரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

புது நெல்லின் புதிர் அரிசியில் அக்கா பொங்கிய அன்று பரந்தன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அக்கா இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டால் இரட்டைக்குழலாரைக் காணவில்லை. தேடிப் போனேன். வயலின் காட்டுப் பக்கத்து மூலையில் ஒரு பாய் அளவுக்கு நெல்லை வெட்டாமல் விட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்.

"அண்ணை, இது ஆருக்கு?"

"ஆருக்கு? தனியனுக்குத்தான். அதின்ரை இடத்தைத்தானே நாங்கள் வெட்டிப் பிடிச்சிருக்கிறம். இடம்பெயர்ந்துபோய் ஆரின்ரையோ வளவிலை பசியோடை நிக்கிறது எப்பிடியெண்டு எங்களுக்குத் தெரியாதே, மாஸ்ரர்?"

பின்னால் வந்த அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "பாத்தீங்களே மாஸ்ரர்! கலைக்கிறதும் இவர், விருந்து வைக்கிறதும் இவர்!" என்று திட்டினார். திட்டிக்கொண்டே அவருக்குப் பக்கத்தில் வரம்பில் இருந்தார். நானும் இருந்தேன்.

பொங்கல் ஆறிப்போனது. எழும்ப எங்கள் மூவருக்குமே மனம் வரவில்லை. அப்படியொரு மனிதரின் பக்கத்து வளவில் இரண்டு வருடம் இருந்தேன் என்பது இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.