முன்பல்லும் கடைசிப் பொத்தானும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

சம்பந்தி என்று தொடங்கத்தான் ஆசை. தாங்கள் வந்து போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அந்த உரிமை எனக்கு உண்டா என்று தெரியாததால் ஐயா என்றே எழுதுகிறேன். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமா? இங்கே என் முன்பல் ஒன்றைத் தவிர அனைவரும் நலம்.

அன்று தாங்கள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தும் நான் வாயே திறக்கவில்லை. தங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி குழந்தைகள் நாற்காலியில் உட்கார்ந்து எழ முடியாமல் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லும்போது பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டேன். "பொண்ணோட அப்பாவுக்கு நம்மைப் பிடிக்கலை, வேற இடம் பார்க்கலாம்" என்று தாங்கள் சொன்னதாகத் தங்கள் மகன் என் மகளிடம் சொல்ல, ஒன்பது நாளாக அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டை மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பெற்ற மனம் பொறுக்கவில்லை ஐயா. ஆகவே நடந்ததை அளவு மாறாமல் எழுதுகிறேன்.

நான் முப்பத்தைந்து வருடமாகத் தையற்காரன். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் துணி, கத்தரிக்கோலைத் தேட மூன்றாவது கை கிடையாது என்பதால் நூலைப் பல்லால்தான் கடிப்பேன். முன்பல்லில் அதற்கென்றே சின்னப் பள்ளமாக ஒரு காடி விழுந்து, நூல் தானாகப் போய் அதில் உட்கார்ந்துகொள்ளும். போன மாதம் தங்களுக்குப் பரிசாக ஒரு கோட்டு தைத்தேன் (அளவு தங்கள் மகனின் போனில் இருந்த படத்தைப் பார்த்து எடுத்தது; தோள் பதினெட்டரை, தவறிருக்காது). பொத்தானுக்குப் போட்ட கெட்டி நூலைக் கடித்தேன், கடக்கென்றது, பாதிப் பல்லைக் காணோம்.

பல் மருத்துவர் அம்மா விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆணி கீணி கடிப்பீங்களா சார்?" என்றார். "நூலும்மா" என்றேன். பின்னால் இரண்டு சொத்தை, ஈறும் கீழே இறங்கியிருக்கிறது என்று நான் கேட்காத கணக்கையும் சொன்னார். உடைந்த பல்லுக்குப் பசை வைத்து ஒட்டுப்போடலாமாம், வேரைச் சுத்தம் செய்து உறை மாட்டலாமாம், பிடுங்கிவிட்டு இருபுறமும் இருக்கிற பல்லைச் சீவிப் பாலம் கட்டலாமாம், தாடை எலும்பில் திருகு இறக்கிப் பல் நடலாமாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகுமாம். "கிழிஞ்ச இடத்துக்காக நல்ல துணி ரெண்டை வெட்டச் சொல்றீங்களேம்மா" என்று பாலத்தை மறுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் சிரிக்க வேண்டுமே என்று ஒட்டுப்போட்டுக்கொண்டேன். "நூலைக் கடிச்சீங்க, அப்புறம் என்கிட்ட வராதீங்க" என்றார்.

ஞாயிறு மாலை தாங்கள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறீர்கள், உள்ளே மகளின் ரவிக்கைக் கைமடிப்பு பிரிந்து தொங்குகிறது. நாலு தையல் போட்டேன். பழக்கதோஷம் ஐயா, வேறென்ன சொல்ல! ஒட்டு வயிற்றுக்குள் போய்விட்டது, மிச்சப் பல்லும் வேரோடு பிளந்துவிட்டது. பெண்ணைக் கொடுக்கப் போகிறவன் பொக்கை வாயோடு முன்னால் நிற்பதா என்று வாயை மூடிக்கொண்டேன். நாற்காலிக் கதையில் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடி, ஜன்னல் திரையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன். என் மனைவியே சாட்சி. திரையில் இன்னும் ஈரக்கறை இருக்கிறது.

மறுநாள் அந்த மருத்துவரிடமே போய்த் திட்டு வாங்கி, பல்லைப் பிடுங்கி, கழற்றி மாட்டுகிற ஒற்றைப் பல் வைத்துக்கொண்டாயிற்று. ஈறு ஆறிய பிறகு நிரந்தரமான பல்லாம். இனி உயிரே போனாலும் நூலைக் கடிப்பதில்லை. கத்தரிக்கோலை நாடாவில் கோத்து மனைவி என் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். தங்கள் மகன் பத்தரை மாற்றுத் தங்கம். எனக்குப் பூரண சம்மதம். வரும் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வாருங்கள், முழுப் பல்லும் தெரியச் சிரிக்கிறேன்.

தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கு (எழுதிவிட்டேன், அடிக்க மனமில்லை) என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கும்
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் தங்கள் மகன் கோட்டை வாங்கிப் போகக் கடைக்கு வந்தார். கடைசிப் பொத்தான் ஆடுகிறது என்று காட்டினார். இரண்டே தையல். கத்தரிக்கோல் கழுத்தில்தான் தொங்கியது. அவர் வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் வாய்க்குள் காற்று நேராகப் போவது தெரிந்தது. மேசை, தரை, வெட்டுத்துணி மூட்டை எல்லாம் தேடிப் பார்த்தாயிற்று, பல்லைக் காணோம். தயவுசெய்து கோட்டின் பைகளைத் தடவிப் பார்க்கவும். கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரவும். கிடைக்காவிட்டாலும் கட்டாயம் வரவும். அந்த நாற்காலிக் கதையை முதலிலிருந்து சொல்லுங்கள். இந்தத் தடவை உள்ளே ஓட மாட்டேன், தங்கள் எதிரிலேயே உட்கார்ந்து, இருக்கிற பல்லை வைத்துச் சிரிக்கிறேன்.